தலையில் பூ வைக்கக் கூடாத மூன்று நாள்

"அக்கா, ஸ்ட்ரெய்ட்டனிங் செஞ்சுக்கிட்டு வீட்டுக்குப் போறவங்களுக்கு என்னென்ன சொல்லி அனுப்பணும்னு ஒரு தடவை தெளிவாச் சொல்லுங்க" என்று ஷீலா போன வாரம் போனில் கேட்டாள். ஷீலா தி.நகரில் என்னோடு வேலை பார்த்தவள், இப்போது அடையாறில் சொந்தமாக பார்லர் வைத்திருக்கிறாள். சொல்லி அனுப்புவதில் ஒரு சிரமமும் இல்லை, சொன்னதைக் கேட்கிற ஆளைத்தான் நான் என் சர்வீஸில் பார்க்கவில்லை என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

இப்போது தெருவுக்குத் தெரு பலகை தொங்குகிறது. கெமிக்கலே இல்லாத ஸ்ட்ரெய்ட்டனிங்காம். பிறந்ததிலிருந்து சுருண்டே வளர்ந்த முடியை மாதக்கணக்கில் நேராக நிற்க வைப்பது என்ன இளநீரும் கற்றாழையுமா? முடிக்குள் இருக்கும் கட்டை அவிழ்த்து, நேராகப் பிடித்து, மறுபடி கட்டுகிற வேலை அது. மருந்து இல்லாமல் நடக்காது. சில பாட்டில்களில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு உள்ளே ஃபார்மலின் சமாசாரத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். அதைத் தடவிச் சூடான தகட்டை வைத்ததும் புகை கிளம்பும், கண் எரியும், தொண்டை அடைக்கும். செய்துகொள்கிறவர் வருடத்துக்கு ஓரிரு முறை அதை முகர்கிறார். செய்கிறவள் தினமும் முகர்கிறாள். எனக்கு விடாமல் வருகிற இருமல் இதனால்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. நான் சொல்லுவேன்.

நந்தனத்தில் ஒரு மாடியில் நடந்த வகுப்பில் புருவம் திருத்துவதிலிருந்து முடி வெட்டுவது வரை எல்லாம் கற்றுவிட்டதாக எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். தொழிலைக் கற்றது தி.நகர் பார்லர் முதலாளி ரோஸ்லின் மேடத்திடம்தான். கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்கிற குடும்பத்தில் பிறந்தவர். வாடிக்கையாளர்களிடம் பேசும்போது குரல் பஞ்சு மாதிரி இருக்கும். "வாங்க, உட்காருங்க, காபி சாப்பிடறீங்களா?" கோபம் வந்தால் மட்டும் குப்பத்துத் தமிழ் வந்துவிடும், அதற்குப் பிறகு எதிரில் இருப்பவர் யாரென்று பார்க்க மாட்டார்.

ஸ்ட்ரெய்ட்டனிங் என்று யார் வந்தாலும் அவர் நேரே நாற்காலியில் உட்கார வைக்க மாட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் நிற்க வைத்து, சீப்பின் வாலால் வகிடு வகிடாகப் பிரித்து மண்டைத் தோலைப் பார்ப்பார். சொறிந்த காயம், பொடுகுப் புண், சிவப்பு, எது தெரிந்தாலும் "ஆறட்டும், அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிடுவார். கர்ப்பமா, குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா என்று தணிந்த குரலில் கேட்பார். ஒரு முடியை நனைத்து விரல்களுக்கு நடுவில் இழுப்பார். இழுத்த முடி தன் அளவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் தொய்ந்து போனாலோ, பட்டென்று அறுந்தாலோ, அந்தத் தலையில் அவர் மருந்து வைக்க மாட்டார்.

பிறகு அந்தக் கேள்வி. "இதுக்கு முன்னாடி தலைக்கு என்ன போட்டீங்க?"

நான் கேட்ட பதில் எப்போதும் ஒன்றுதான். "ஒண்ணுமே போடலைங்க." போன மாதம் வேறு பார்லரில் கலர் அடித்தவரும், வீட்டில் பாக்கெட் டை பூசுகிறவரும், தங்கை கல்யாணத்துக்கு ஏற்கெனவே ஒருமுறை நேராக்கிக்கொண்டவரும் அதையேதான் சொல்வார்கள். டாக்டரிடம் மறைக்காததைக்கூட எங்களிடம் மறைப்பார்கள். என்ன வெட்கமோ எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதனால் மேடம் யார் பேச்சையும் நம்பாமல், பிடரிப் பக்கத்திலிருந்து நாலு முடியை வெட்டி, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் க்ரீமோடு போட்டு வைத்துவிடுவார். ஒருமுறை ஓர் அம்மாவின் முடி கிண்ணத்திலேயே சூடாகி, ஊறிய சேமியா போல ஆகிவிட்டது. விசாரித்தால், மாதாமாதம் கருப்பு மருதாணிப் பொடி போடுவாராம். "அது இயற்கைதானேம்மா, அதையெல்லாமா சொல்லணும்?" என்று எங்களையே கேட்டார். மேடம் கிண்ணத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "இயற்கைன்னா இன்னாத்துக்கு இப்டி கொழகொழன்னு கீது?"

வேலை என்னவோ ஒரு முழுப் பகல்தான் எடுக்கும். க்ரீமை மண்டைத் தோலில் படாமல் ஒரு விரல் அகலம் தள்ளி வைக்க வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் முடியை இழுத்துப் பார்த்து, சரியான பதத்தில் கழுவ வேண்டும். நாற்றம் போகிறவரை கழுவ வேண்டும். காய வைத்து, மெல்லிய கற்றைகளாகப் பிரித்துச் சூடான தகட்டால் தேய்த்து, அவிழ்ந்த கட்டை மறுபடி இறுக்குகிற இரண்டாவது மருந்தைப் போட்டு, மறுபடி கழுவி, மறுபடி காய வைக்க வேண்டும். இதெல்லாம் எங்கள் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிற மூன்று நாள்தான் எங்கள் கையில் இல்லை.

மூன்று நாள் தலையில் தண்ணீர் படக் கூடாது. எண்ணெய் கூடாது. ரப்பர் பேண்ட், கிளிப், ஹேர்பின், ஹெல்மெட் எதுவும் கூடாது. காதுக்குப் பின்னால்கூட ஒதுக்கக் கூடாது. படுத்தால் முடி மடங்காமல் படுக்க வேண்டும். எந்த இடத்தில் அழுத்தம் படுகிறதோ அந்த இடத்தில் மடிப்பு விழும், மெல்லிய முடியாக இருந்தால் அங்கேயே உடையும். மூன்று நாளுக்குப் பிறகு மென்மையான ஷாம்பு, கண்டிஷனர், பெரிய பல் சீப்பு. துண்டால் துவட்டித் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். இதை ஒவ்வொருவரிடமும் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லியிருக்கிறேன். தலையாட்டிவிட்டுப் போய் அன்று மாலையே பெசன்ட் நகர் கடலில் நனைந்தவர் உண்டு. "வியர்வை தண்ணியில சேருமா?" என்று மே மாதத்தில் மொட்டை மாடியில் வடகம் காய வைத்துக்கொண்டே போனில் கேட்டவர் உண்டு.

அதனால்தான் மேடம் கடைசியாக இன்னொன்றும் கேட்பார். "இந்த வாரத்துல வீட்டுல விசேஷம் ஏதாவது இருக்கா?"

கோமதியின் அம்மா வள்ளியம்மா இல்லை என்றுதான் சொன்னார். அன்றைக்கு அது உண்மையும்கூட.

வள்ளியம்மா குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள். வீடு கே.கே. நகரில். மகள் கோமதிக்கு மெல்லிய, அடர்த்தியான சுருட்டை முடி. நான் பார்த்த தலைகளில் மிக அழகானவற்றில் ஒன்று. ஆனால் ஒரு நல்ல இடத்திலிருந்து தரகர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்களாம், பெண்ணுக்கு முடி நீளமாக, நேராக இருக்க வேண்டும் என்று. மாப்பிள்ளையின் அம்மா குறிப்பாகக் கேட்டாராம். போட்டோவுக்கும் பெண் பார்த்த நாளுக்கும் முடியைச் சூட்டில் தேய்த்துச் சமாளித்துவிட்டார்கள். பிடித்துப்போய்விட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் பூ வைக்க வருகிறார்கள், அதற்குள் நிரந்தரமாக நேராக்கிவிட வேண்டும் என்று வந்து நின்றார் வள்ளியம்மா.

"நிரந்தரம்னு ஒண்ணு கிடையாதும்மா" என்றேன். "வேர்ல புதுசா வளர்றது சுருட்டையாத்தான் வளரும். வருஷம் பூரா மறைக்க முடியாது."

"தாலி ஏறட்டும், பிறவு பாத்துக்கிடலாம்" என்றார்.

க்ரீம் வைக்கும்போது கோமதி கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். தோல் சுத்தமாக இருந்தது, கிண்ணத்துச் சோதனையும் சரியாக வந்தது. மேடம் மருந்தை ஒரு படி குறைத்தே போட்டார். மாலையில் முடி தோளுக்குக் கீழே திரைச்சீலை மாதிரி தொங்கியது. வள்ளியம்மா வாயெல்லாம் பல்லாகக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் மாலை போன் வந்தது. மாப்பிள்ளையின் பெரிய தாத்தா ஊரில் இன்றோ நாளையோ என்று கிடக்கிறாராம். அவர் கண்ணை மூடிவிட்டால் தீட்டு, அந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் நடக்காது. அதனால் விடிந்ததும் வந்து பூ வைத்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்களாம். பூ வைப்பது என்றால் அவர்களுக்குப் பாதிக் கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் தலையில் மல்லிகைச் சரத்தை ஊசி குத்தி வைத்தால்தான் சம்பந்தம் உறுதி. எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்து, பின்னல் போட்டு உட்கார வேண்டும்.

"தள்ளிப் போட முடியாதா?" என்று மேடம் கேட்டார்.

"பெரியவர் உசிரை எப்படிம்மா தள்ளிப் போடச் சொல்லுதீங்க?" என்று வள்ளியம்மா அழுதார். "முடியை விரிச்சுப் போட்டு உக்கார வச்சா துக்க வீடு மாதிரி இருக்கும்லா. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக எந்திரிச்சுப் போயிருவாக."

மேடம் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மல்லிகா, காலைல நீ போயி அந்தப் பொண்ணு தலையண்டையே நில்லு. ஒரு பொம்பளைய கிட்ட வுடாதே. எண்ணெய் வெக்க வருவாளுங்க பாரு."

வந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கோமதி மணையில் உட்கார்ந்திருந்தாள், அவளுடைய அத்தை காய்ச்சிய நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் கையை நனைத்துத் தூக்கிவிட்டார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன். "சாஸ்திரத்துக்கு ஒரு கை வைக்கேன், என்ன வந்துரப் போவுது?" என்றார் அவர். சாஸ்திரத்தைக் காலில் வையுங்கள், தலையில் வேண்டாம் என்றேன். இன்னொருவர் தண்ணீர்ச் சொம்போடு நின்றார், தலைக்குக் குளிக்காமல் எப்படிப் பூ வைப்பது என்று. மூன்றாமவர் லேசாக ஒரு ரப்பர் பேண்ட் மட்டும் போடலாமே என்றார். ஒருத்தியைச் சமாளித்துத் திரும்பினால் இன்னொருத்தி சீப்போடு நிற்கிறாள்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி வள்ளியம்மா ஒரு யோசனை வைத்திருந்தார். பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலி, முடியைக் கட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவிடுவாராம்.

"அம்மா, சுருட்டை முடியை மறைக்கிறதுக்குப் பொண்ணுக்கு வியாதின்னு சொல்லப் போறீங்களா?" என்று கேட்டேன். அதில் என்ன தப்பு என்பது அவருக்கு நிஜமாகவே உடனே விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊசி குத்தினால் முடி போகும், குத்தாவிட்டால் சம்பந்தம் போகும், காரணத்தைச் சொன்னால் இத்தனை நாள் மறைத்தது வெளியே வரும். கோமதி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, உடையட்டும்கா. கட்டிருங்க" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து எட்டாத அலமாரியில் வைத்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பார்வதியம்மா நல்ல உயரம், காதில் வைரத்தோடு, இறுக்கமான கொண்டை. புடவை கொடுத்தார், குங்குமம் வைத்தார். மல்லிகைச் சரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஹேர்பின்னைப் பல்லில் கடித்தபடி கோமதிக்குப் பின்னால் வந்தார். விரித்துக் கிடந்த முடியைப் பார்த்து நின்றார். கூடம் முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது.

வள்ளியம்மா வாயைத் திறப்பதற்குள் கோமதி பேசிவிட்டாள்.

"அத்தே, என் முடி சுருட்டை முடி. உங்களுக்கு நேர் முடிதான் வேணும்னாக, அதான் முந்தாநாள் மருந்து வச்சு நேராக்கினோம். இன்னும் கட்டக் கூடாது, ஊசி குத்தக் கூடாது. முதல்லயே சொல்லியிருக்கணும். தப்புதான்."

யாரோ ஒருவர் இருமினார். வள்ளியம்மா புடவைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டார். பார்வதியம்மா பல்லில் இருந்த ஊசியை எடுத்தார். முடியைப் பரிசோதிக்கிற மாதிரி கோமதியின் உச்சந்தலைக்கு மேல் குனிந்தார். நான் பக்கத்திலேயே நின்றதால் அவருடைய வகிடு என் கண்ணுக்கு நேரே வந்தது. வேரில் ஒரு விரல்கடை உயரத்துக்கு நெளிநெளியாகப் புது முடி. அதற்குப் பிறகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர் முடி. இந்தத் தொழிலில் இருந்துவிட்டு அதைப் பார்த்துப் புரியாமல் போகாது.

குனிந்தபடியே என்னிடம் மட்டும் கேட்டார். "தண்ணி பட்டுச்சா?"

"இல்லைங்க."

"எண்ணெய்?"

"விடலைங்க."

நிமிர்ந்தார். சரத்தை வகிட்டுக்குக் குறுக்கே மெத்தென்று படிய வைத்து, இரண்டு நுனியையும் இரண்டு தோளிலும் தொங்கவிட்டார். "ஊசி இல்லாம வச்சாலும் பூ பூதாம்லா" என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "என்ன எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கீக? குலவை போடுங்க." போட்டார்கள். வள்ளியம்மா போட்ட குலவை பாதியில் அழுகையாகிவிட்டது.

பந்தி நடக்கும்போது நான் பின்கட்டில் கை கழுவிக்கொண்டிருந்தேன். பார்வதியம்மா அங்கே வந்தார். நானாகவே கேட்டுவிட்டேன். "நீங்க எங்கம்மா செஞ்சுக்கறீங்க?"

அவர் திரும்பி யாரும் இல்லையா என்று பார்த்தார். "பெசன்ட் நகர்ல. கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போவேன். கட்டிக்கிட்டு வந்த புதுசுல என்னைய எங்க வீட்டு நாத்தனாருங்க பேர் சொல்லிக் கூப்பிட்டதே கெடையாது. பரட்டைன்னுதான் கூப்பிடுவாளுக. கையில கொஞ்சம் துட்டுப் புழங்க ஆரம்பிச்ச நாளையில இருந்து செய்யுதேன்."

"அப்படிப்பட்ட நீங்களே நேர் முடிதான் வேணும்னு கேக்கலாமா?" என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"அதுக்காவத்தாம்மா கேட்டேன்" என்றார். "அந்த நாத்தம், அந்த எரிச்சல், யாருக்கும் தெரியாம போயிட்டு வாரது, எல்லாம் என்னோட போவட்டும்னு நெனச்சேன். பொறக்கையிலேயே நேர் முடியா இருந்தா அந்தப் புள்ளைக்கு இந்தப் பாடு இருக்காதுல்லா."

எனக்கு அழுவதா கத்துவதா என்று தெரியவில்லை. இந்தப் பாடு வேண்டாம் என்று அவர் சொல்லி அனுப்பிய ஒரு வார்த்தைதான் அந்தப் பெண்ணை எங்கள் நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தது. அவரிடமே அதைச் சொன்னேன். அவர் திறந்திருந்த குழாயை மூடிவிட்டு உள்ளே போனார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பெரிய தாத்தா, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள நேரிலேயே வந்துவிட்டார், அத்தனை திடமாக. யாருக்காக அவ்வளவு அவசரப்பட்டோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோமதி தலையில் அதற்குள் வேரில் சுருள் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. மேலே சுருட்டை, கீழே நேர், நடுவில் சவுரி என்று பின்னல் போட்டுக் கொடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. வேரை மட்டும் நேராக்கிவிடலாமே என்று வள்ளியம்மா கெஞ்சினார். வளர்கிறது வளரட்டும் என்று கோமதி முடித்துவிட்டாள்.

சில மாதம் கழித்து மாமியாரும் மருமகளும் சேர்ந்தே தி.நகர் பார்லருக்கு வந்தார்கள். மருமகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டதால், இனிமேல் கோயில் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்று பார்வதியம்மா எங்களிடமே வந்துவிட்டார். மேடம் ஜன்னலோரம் நிற்க வைத்துப் பார்த்து, வேரில் வளர்ந்ததற்கு மட்டும் க்ரீம் வைக்கச் சொன்னார். நான் வைத்தேன். அந்த அம்மாவின் கண்ணில் நீர் வழிந்தது. எதிரே கண்ணாடியில், பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்த கோமதி தெரிந்தாள். வேரிலிருந்து சுருண்டு வளர்கிற முடியை அப்படியே அள்ளி முடிந்துகொண்டு, எங்களைக் கவனிக்காமல் போனில் யாரோடோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பார்வதியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். "போதும்மா. கழுவி விட்டுரு. நானும் இப்படியே விட்டுருதேன்."

க்ரீம் பாதி வேலை செய்திருந்த நேரம். கட்டு அவிழ்ந்து கிடக்கிற முடியை அப்படியே விட்டால் நேராகவும் இருக்காது, சுருட்டையாகவும் இருக்காது, சீப்போடு வரும். இரண்டாவது மருந்து வைக்காமல் அனுப்பவே முடியாது. நான் அவர் தோளைப் பிடித்து அழுத்த, உள்ளேயிருந்து மேடம் ஓடிவந்தார்.

"இன்னாம்மா நீ! மனசு மாற்றதா இருந்தா க்ரீமு வெக்கறதுக்கு மின்னாடி மாறக் கூடாதா? உக்காரு மொதல்ல!"

வாடிக்கையாளரிடம் அவர் அப்படிக் கத்தி நான் அதிகம் கேட்டதில்லை. பார்வதியம்மா சின்னப் பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிட்டார். கோமதி போனை வைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். முழுதாக முடித்து, நேராக்கித்தான் அனுப்பினோம்.

அதற்குப் பிறகு அவர் ஸ்ட்ரெய்ட்டனிங்குக்கு வரவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒருமுறை முடி வெட்டிக்கொள்ள வந்தார். எவ்வளவு வெட்ட என்று கேட்டேன். நேராக இருக்கிற பாகம் முழுவதையும் என்றார்.